இடப்பக்க இருக்கையில் இருந்தவன்

என் கையெழுத்து கோணல். ஐந்தாவது வரை ஊரில் தமிழ்ப் பள்ளிக்கூடம். ஆறாவதில் நைனா, என் அப்பா, என்னைப் புத்தூரில் தெலுங்கில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்கப்புறம் திருப்பதியில் கல்லூரி, அங்கே எல்லாம் ஆங்கிலம். மூன்று எழுத்தும் வந்தன, ஒன்றும் கையில் தங்கவில்லை. தமிழ் எழுதினால் தெலுங்கு மாதிரி உருண்டுகொள்ளும். ஆங்கிலம் எழுதினால் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நிற்கும். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் எங்கள் பக்கத்தில் படித்த பலருக்கும் இதே கதிதான். இந்தக் கோணல் கையால்தான் என் பிழைப்பு போயிற்று என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் விமானப்படையில் டக்கோட்டா ஓட்டியவன். இரண்டு இன்ஜின் வைத்த சாமான் விமானம். அரிசி, மண்ணெண்ணெய், ஆட்டுக்குட்டி, எதைக் கொடுத்தாலும் ஏற்றிக்கொண்டு மலைகளுக்கு நடுவே புகுந்து போகும். என்னோடு அதே விமானத்தில் மூன்று வருஷம் உட்கார்ந்தவன் திருப்பதிக்காரன். கல்லூரியில் என் வகுப்பு. அவன் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கோயிலில் பாசுரம் சேவிக்கிறவர்கள். நாங்கள் ஒரே நாளில் மனுப் போட்டோம்; அவனை ஆறு மாதம் முன்னதாகக் கூப்பிட்டார்கள். அந்த ஆறு மாதத்தால் அவன் எனக்கு சீனியர்.

அவனை ஏன் நம்பினேன் என்று கேட்டால் ஒரு இலையைத்தான் சொல்ல வேண்டும். கல்லூரி நாட்களில் அவன் வீட்டுக்குப் போனால் அவன் அம்மா அன்பாகத்தான் பேசுவார், ஆனால் எனக்கு முன்கூடத்தில் தனியாக இலை விழும். வீட்டுக்காரர்கள் உள்ளே சாப்பிடுவார்கள். முதல் தடவையே அவன் தன் இலையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். இருபது வயதில் எனக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

டக்கோட்டாவில் இரண்டு பைலட். இடப்பக்க இருக்கையில் உட்காருகிறவன் கேப்டன், வலப்பக்கம் உட்காருகிறவன் செகண்ட் பைலட். எங்கள் ஸ்குவாட்ரனில் ஒரு வழக்கம் இருந்தது. போகும்போது ஒருவன் இடப்பக்கம், வரும்போது இன்னொருவன். கிளம்புமுன் ஸ்குவாட்ரன் ஆபீஸில் இருக்கும் பெரிய புத்தகத்தில் சீனியர் பெயரை கேப்டன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவோம். மலைக்குள்ளே இறங்கும் திடலில் அந்த மாதிரிப் புத்தகமெல்லாம் கிடையாது. ஒரு கூடாரமும் காற்றின் திசை காட்டும் துணிப்பையும்தான். அங்கே இடம் மாறி உட்கார்ந்துகொண்டு திரும்புவோம். யார் எந்த வழிக்கு கேப்டன் என்பது அவரவர் லாக் புத்தகத்தில்தான் ஏறும். ஒவ்வொரு பைலட்டுக்கும் ஒரு லாக் புத்தகம் உண்டு. பறந்த ஒவ்வொரு மணியும் அதில் எழுதப்பட வேண்டும். மாதக் கடைசியில் பைலட் கையெழுத்துப் போட்டு, அதன் கீழே அதிகாரி கையெழுத்துப் போட்டு முத்திரை வைப்பார்.

முதல் மாதமே அதிகாரி என் புத்தகத்தைத் தூக்கிப் போட்டார். இதை யார் படிப்பது என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்கு மானம் போயிற்று. அன்று சாயங்காலம் நண்பன் என் புத்தகத்தை எடுத்துக்கொண்டான். அவன் எழுத்து அச்சில் வார்த்தது போல இருக்கும். இரண்டு புத்தகத்தையும் நானே எழுதுகிறேன், நீ கையெழுத்து மட்டும் போடு என்றான். அன்றிலிருந்து மூன்று வருஷம் என் புத்தகத்தை அவன்தான் எழுதினான். நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். ஊரில் நைனாவும் இப்படித்தான். ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் தெலுங்கில் எழுதி நீட்டுகிற காகிதம் எதுவானாலும், எழுதத் தெரிந்தவன் எழுதியிருக்கிறான் என்று நம்பிக் கையெழுத்துப் போடுவார்.

நானாக எழுதியது நைனாவுக்குப் போட்ட கடிதங்கள் மட்டும்தான். கோணல் தமிழில், வாரம் ஒன்று. இன்று நான் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டி வந்தேன், இன்று மேகம் ஜாஸ்தி, இன்று ஆட்டுக்குட்டி ஒன்று விமானத்துக்குள்ளேயே ஓட ஆரம்பித்துவிட்டது என்று. நைனா அவற்றைச் சணல் போட்டுக் கட்டி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். சந்தைக்குப் போகும்போது புதுக் கடிதத்தை மடியில் செருகிக்கொண்டு போவார்.

அந்தக் கடிதங்களில் ஒன்று ஊருக்கே தெரியும். ஒரு நாள் மலைத் திடலில் இறங்கியதும் நண்பனுக்கு நல்ல காய்ச்சல். நிற்க முடியவில்லை, வாந்தி வேறு. திரும்பும்போது பின்னால் காலிச் சாக்குகளைப் போட்டு அவனைப் படுக்க வைத்தோம். நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன்; வலப்பக்கத்தில் எங்களோடு வரும் வயர்லெஸ்காரரை உட்கார வைத்தேன், அவருக்கு ஓட்டத் தெரியாது. பாதி வழியில் மேகம் மூடிக்கொண்டது. இறங்குகிற இடத்தில் பக்கக் காற்று. மூன்றாவது முயற்சியில்தான் தரையைத் தொட்டேன். கீழே இறக்கிக் கிடத்தியபோது நண்பன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ இல்லேன்னா நான் ஆத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன்டா," என்றான். நான் அதையும் நைனாவுக்கு எழுதினேன். சீக்காளியைப் பின்னால் படுக்க வைத்து என் மகன் ஏரோப்ளேன் ஓட்டி வந்தான் என்று நைனா சந்தையில் சொல்லாத கடை கிடையாது.

நண்பன் எனக்கு ஒரு வருஷம் முன்னால் படையை விட்டான். சென்னையில் ஒரு தனியார் விமானக் கம்பெனியில் கேப்டனாகச் சேர்ந்தான். அந்தக் கடைசி வருஷம் என்னைத் தரை வேலையில் போட்டார்கள், நான் பறக்கவில்லை; அத்தோடு என் பணிக்காலமும் முடிந்தது. எனக்கும் அதே வழிதான் கண்ணில் தெரிந்தது, வேறு தொழில் தெரியாதே. படையில் ஓட்டியவன் நேரே சிவில் விமானத்தில் ஏற முடியாது. சிவில் லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸில் எந்த விமானம் ஓட்டலாம் என்று பெயர் எழுதி என்டார்ஸ்மென்ட் தர வேண்டும். ஆனால் முதலிலிருந்து படிக்கச் சொல்ல மாட்டார்கள். படையில் பறந்த மணிகளை எடுத்துக்கொள்வார்கள், லாக் புத்தகமும் படை அதிகாரியின் சான்றும் இருந்தால் போதும். கேப்டனாகப் பறந்த மணி முழுசாக ஏறும். செகண்ட் பைலட்டாகப் பறந்தது பாதிதான். இது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த விதி. எனக்கு இரண்டிலும் சரிபாதி இருக்கும் என்று கணக்குப் போட்டு நிம்மதியாக ஊருக்கு வந்தேன்.

ஊரில் அப்போது ஒரே எல்லைப் பேச்சு. நான் படையில் சேரும்போது எங்கள் விலாசம் சென்னை மாநிலம். நடுவிலே ஆந்திரா பிரிந்து சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போய்விட்டது. இப்போது எந்தக் கிராமம் எந்தப் பக்கம் என்று மறுபடி விசாரணை. நண்பன் வேலை செய்த கம்பெனிக்கே நானும் மனுப் போட்டிருந்தேன், அவர்கள் இருப்பிடச் சான்று கேட்டார்கள். அதற்காகச் சித்தூருக்குப் போனேன். ஆபீஸ் குமாஸ்தா என் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உங்கள் ஊர் எங்கே இருக்கப்போகிறது என்று எங்களுக்கே தெரியாது, தெரிந்ததும் வாருங்கள் என்றார். ஏரோப்ளேன் ஓட்டுகிறவனுக்கு எந்த மாநிலமானால் என்ன என்று பக்கத்து மேஜைக்காரர் தெலுங்கில் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். சிரிக்கிற நிலையில் அன்று இருந்தேன்.

நைனாவுக்கு மட்டும் அது சிரிப்பில்லை. ஜனக்கணக்குப் புத்தகத்தில் எங்கள் ஊரில் பாதி வீடுகளைத் தெலுங்கு வீடு என்று எழுதிவிட்டார்கள், எங்கள் வீடும் அதில் ஒன்று. விசாரணைக்கு வந்த அதிகாரி முன்னால் நைனா எழுந்து நின்று பேசினார், நானும் பக்கத்தில் இருந்தேன். "பொஸ்தகத்துல எழுதனவன் தப்பா எழுதிகினு போனா, எங்க வாயில வர்ற பேச்சு மாறிப்பூடுமா சாமி?" என்றார். அதிகாரி குறித்துக்கொண்டார். அந்தக் கணக்குத் தாளிலும் நைனா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்; கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறதே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நைனா என்ன சொல்லியிருப்பார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

பிறகு சென்னைக்குப் போனேன். சிவில் அலுவலகத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையான மனிதர். என் லாக் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காபி வரவழைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"பயிற்சியில சின்ன விமானத்துல தனியா பறந்தது இருக்கு சார். டக்கோட்டாவுல எல்லாமே செகண்ட் பைலட்னுதான் போட்டிருக்கு. கேப்டனா ஒரு மணி நேரம்கூட இல்லையே."

தப்பாகப் பார்க்கிறீர்கள் என்றேன். அவர் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். போனதற்கும் அவன் கேப்டன், வந்ததற்கும் அவன் கேப்டன். மூன்று வருஷம், ஒரு வரி விடாமல். அழகான எழுத்து, ஒரு அடித்தல் இல்லை. ஒவ்வொரு மாதத்துக்குக் கீழேயும் என் கோணல் கையெழுத்து. அவர் தன் காகிதத்தில் என் மணிகளைப் பாதியாக்கி எழுதிக்கொண்டிருந்தார். டக்கோட்டா என்டார்ஸ்மென்ட் தர முடியாது என்றும், ஃப்ளையிங் கிளப்பில் சேர்ந்து முதலிலிருந்து மணி சேர்த்துக்கொண்டு வரலாம் என்றும் சொன்னார். அந்த வசதி எனக்கு எந்த ஜன்மத்தில் வரும்?

திரும்பும் ரயிலில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காய்ச்சல் நாளைத் தேடினேன். மற்ற நாளெல்லாம் கைத் தவறாக இருக்கலாம், பழக்கத்தில் எழுதிக்கொண்டே போயிருக்கலாம் என்று இன்னும் எனக்கு ஒரு நப்பாசை. அந்த நாளையுமா? பக்கம் கிடைத்தது. கேப்டன் அவன். செகண்ட் பைலட் நான். அப்போதுதான் எனக்கு அது கைத் தவறில்லை, தெரிந்தே எழுதியது என்று புரிந்தது. அவன் டிரங்குப் பெட்டியில் சிவில் விதிகள் புத்தகம் ஒன்றைப் பார்த்தது ஞாபகம் வந்தது. சேர்ந்த இரண்டாவது வருஷமே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தான். இது எதற்கு என்று கேட்டதற்கு, தூக்கம் வருவதற்குப் படிக்கிறேன் என்றான். நான் சிரித்தேன். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற முட்டாளாக இருந்திருக்கிறேன்.

பழைய அதிகாரிக்கு எழுதினேன். பதில் இரண்டு வரியில் வந்தது: கையெழுத்து உங்களுடையதுதானே, அதை நம்பித்தான் நான் என் கையெழுத்தைப் போட்டேன். அவரைக் குறை சொல்ல வழியில்லை. வயர்லெஸ்காரருக்கு எழுதிய கடிதம், ஆள் மாற்றலாகிப் போனார் என்று திரும்பி வந்தது. மிச்சம் இருந்தது நண்பன் மட்டும்தான். அவன் ஒரு காகிதத்தில், வரும் வழியில் இவன்தான் கேப்டன் என்று எழுதிக் கொடுத்தால் அலுவலகம் மறுபடி பார்க்கும். அவன் லீவில் திருப்பதியில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு ரேணிகுண்டாவில் இறங்கிப் பஸ் பிடித்துப் போனேன். போகும் வழியெல்லாம் என்ன வார்த்தை சொல்லித் திட்டுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

அவன் என்னைப் பார்த்து முகம் மலர்ந்தான். அது நடிப்பு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. உட்கார வைத்தான், ஊர் விசாரித்தான். நான் புத்தகத்தை அவன் முன்னால் வைத்தேன். ஒத்திகை பார்த்த வசவையெல்லாம் விட்டுவிட்டுக் கேள்வியைக் கேட்டேன்.

"போகும்போது நீ, வரும்போது நான். உண்டா இல்லியா?"

"உண்டு. யார் இல்லேங்கறா?"

"அப்புறம் ஏன் ரெண்டையும் உன் பேருக்கே எழுதிக்கினே?"

அவன் புத்தகத்தைத் திறக்கவில்லை. "ஒரு மணி நேரம் ரெண்டு புஸ்தகத்துல கேப்டன்னு ஏறாதுடா. உனக்குத் திருப்பிக் குடுத்தா என்னுதுல குறையும். என் லைசென்ஸே அந்த மணி மேலதான் நிக்கறது. நான் இப்போ எழுதிக் குடுத்தா என்னைக் கீழ இறக்கிடுவா."

அவன் சொன்னதில் கணக்குத் தப்பே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் நானே என் பாதியைக் கொடுத்திருப்பேன். நீ முதலில் போ, நான் அடுத்த வருஷம் வருகிறேன் என்று சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. நான் கையெழுத்துப் போடும்போதெல்லாம் பக்கத்தில் நின்று மை காயட்டும் என்று ஊதிக் கொடுத்தான்.

எல்லாவற்றையும் வைத்துக்கொள், அந்த ஒரு நாளை மட்டும் எழுதிக் கொடு என்றேன். இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது, பிச்சை கேட்கிற குரலில்தான் கேட்டேன். அந்த ஒரு நாளால் எனக்கு லைசென்ஸ் வந்துவிடாது. நான் கேப்டனாக இருந்தேன் என்று ஒரு வரியாவது எங்காவது இருக்க வேண்டும் என்று பட்டது. "பின்னாடி சாக்குல படுத்துக்கினு இருந்தியே, அந்த நாள்," என்றேன்.

அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"கேப்டன் படுத்திண்டிருந்தாலும் கேப்டன்தான். வண்டிக்கு ஏதாவது ஆகியிருந்தா என்னைத்தானே கேட்டிருப்பா?"

ஒன்றும் ஆகவில்லையே, ஆகாமல் கொண்டுவந்தது யார் என்று கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வி பஸ்ஸில் திரும்பும்போதுதான் வந்தது. அதற்குள் அவன் அம்மா வந்து, சாப்பிட்டுவிட்டுப் போப்பா என்றார். முன்கூடத்தில் எனக்கு இலை போட்டார். அவன் உள்ளே போனான். சாதம் விழுந்தது, குழம்பு விழுந்தது. அவன் தன் இலையைத் தூக்கிக்கொண்டு வருவான் என்று நான் கையை நனைக்காமல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவன் சாப்பிடுகிற சத்தம் கேட்டது. அவன் அம்மா நெய்க் கிண்ணத்தோடு வந்து, ஏன் சாப்பிடவில்லை என்றார். வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

ஊருக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நிலத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார். அவர் எழுந்து, அவன் வீட்டு வாசலில் போய் நிற்கலாம் வா என்று கிளம்புவார், நான்தான் தடுக்க வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. முத்திரையை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார். காய்ச்சல் நாள் பக்கத்தைத் திறந்து என்னையே படிக்கச் சொன்னார். படித்து, தமிழில் சொன்னேன். என் வாயாலேயே, கேப்டன் அவன், செகண்ட் பைலட் நான் என்று.

"இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான் நைனா."

"இது?"

"ஆபீசர்து."

"சர்க்கார் முத்திரை போட்டுக்கீறாங்களே," என்றார். கேள்வி மாதிரியும் இல்லை, பதில் மாதிரியும் இல்லை. அன்றைக்கு எல்லை விசாரணை அதிகாரி முன்னால் எழுந்து நின்று பேசிய அதே வாய்தான். நான் அதை ஞாபகப்படுத்தினேன். நம்ம ஊரையும் அப்படித்தானே எழுதினார்கள், நீதானே கேட்டாய் என்றேன். அது வேற, இது வேற என்றார். சாப்பிட்ட பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து, சணல் கட்டிய கடிதங்களைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்.

"இத நீயே வெச்சிக்க," என்றார்.

நண்பன் செய்ததற்கு எனக்கு ஆத்திரம் வந்தது. இதற்கு அது வரவில்லை. நான் கோணலாக எழுதியதெல்லாம் ஒரு பக்கம், அவன் அழகாக எழுதியது ஒரு பக்கம். என் சொந்த நைனா அவன் பக்கத்தை எடுத்துக்கொண்டார். அவரைத் திட்டவும் முடியாது. முத்திரைக்குப் பயந்தே காலம் தள்ளிய மனிதர்.

எல்லை முடிவானது. திருத்தணி சென்னைப் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். எனக்கு ரேணிகுண்டா ரயில்வேயில் வேலை கிடைத்தது. வேலையில் சேருவதற்கு முந்தின வாரம் நைனாவோடு சந்தைக்குப் போனேன். வெல்லக் கடைக்காரர் எழுந்து நின்று எங்களைக் கூப்பிட்டார். நைனாவின் கடிதக் கதைகளை எல்லாரையும்விட அதிகமாகக் கேட்டவர் அவர். தராசை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சீக்காளியப் பின்னால படுக்க வெச்சி ஏரோப்ளேன ஓட்டிக்கினு வந்த பையன் இவந்தானாப்பா?"

நைனா வெல்லத்தை ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"அன்னிக்கு ஓட்டுனது இவன் கூட்டாளிப்பா. இவன் கூட இருந்தான்."